நீலத்தொட்டியில் கொடுத்ததும் வாங்கியதும்

அவுரியிலிருந்து எடுத்த நீலம் தண்ணீரில் கரையாது. எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அடியில் தூளாகவே கிடக்கும். அந்த நீரில் தோய்த்த துணியை அலசினால் நிறம் அத்தனையும் போய்விடும். துணிக்குள் நீலம் ஏற வேண்டுமானால் முதலில் அதன் நிறத்தைப் பறிக்க வேண்டும். சாயத்தொட்டியில் ஏதோ ஒரு பொருள் நீலத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. நீலம் நிறமிழந்து, காரநீரில் கரையக்கூடிய வெண்ணீலமாகிறது. தொட்டி நீர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வருகிறது. அதில் தோய்த்த துணியை வெளியே தூக்கியதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள, மஞ்சள் துணி கண்ணெதிரே பச்சையாகி, பிறகு நீலமாகிறது. கரையாத நீலம் இப்போது இழைக்குள் சிக்கிக்கொண்டது, அலசினாலும் போகாது.

எலக்ட்ரானைக் கொடுப்பது ஆக்சிஜனொடுக்கி, வாங்குவது ஆக்சிஜனேற்றி. பாடநூலில் இரண்டே வரியில் முடிந்துவிடும் இந்த இலக்கணத்தை வகுக்க வேதியியலுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. சாயக்காரர்களின் தொட்டியிலோ அது பல ஆயிரம் ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. பெரு நாட்டின் வாகா பிரியெட்டாவில் கிடைத்த, ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழமையுள்ள பருத்தித் துணுக்குகளில் இதே நீலம் இருக்கிறது.

நீலம் செடியில் நீலமாக இருப்பதில்லை. அவுரி இலையில் இருப்பது இண்டிகான் என்ற நிறமற்ற பொருள். இண்டாக்சில் என்ற மூலக்கூறு ஒரு சர்க்கரை மூலக்கூறுடன் பிணைந்து உண்டானது. அறுத்த செடியைத் தொட்டி நீரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அமுக்கி வைத்தால் இலையின் நொதி அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். பிறகு அந்த நீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் இடுப்பளவு நீரில் நின்று துடுப்பால் மணிக்கணக்கில் அடிப்பார்கள். அடிப்பது காற்றைக் கலப்பதற்காக. இரண்டிரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் ஆக்சிஜனால் இணைந்து ஒரு நீல மூலக்கூறாகும். நுரை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும். அடியில் படிந்த சேற்றைக் காய்ச்சி, பிழிந்து, கட்டியாக அறுத்துக் காயவைப்பார்கள். நீலக்கட்டி பிறக்கும் இந்த இடத்தில் காற்று ஆக்சிஜனேற்றியாக ஒருமுறை வேலை செய்துவிடுகிறது. துணிக்கு ஏற்றும்போது அதே வேலையை இரண்டாம் முறை செய்கிறது. நடுவில் நீலத்தை ஒடுக்குவது மட்டுமே காற்றால் ஆகாத காரியம். அதற்கு வேறொரு பொருள் வேண்டும். நீலச்சாயத் தொழிலின் வரலாற்றைப் பெரும்பகுதி அந்த வேறொரு பொருளைத் தேடிய வரலாறு என்று சொல்லிவிடலாம்.

மிகப் பழைய விடை நொதித்தல். தமிழ்நாட்டுச் சாயக்காரர்கள் மண்ணில் புதைத்த தாழிகளில் நீலத்தை அரைத்துக் கரைத்து, சுண்ணாம்பும் உவர்மண் நீரும் சேர்த்து, வேகவைத்த தகரை விதையைப் போட்டு மூடிவைத்தார்கள். சில நாளில் தாழி புளித்து எழும். மேலே செம்புப் பளபளப்புள்ள ஏடு படரும். அதை விலக்கினால் கீழே மஞ்சட்பச்சை நீர் தெரியும். வாடை, நுரை, நிறம், விரலில் தொட்டு நாவில் வைத்துப் பார்க்கும் ருசி இவைதாம் அளவுகோல்கள். ஐரோப்பாவில் உவோடு என்ற செடியிலிருந்து இதே நீலத்தை எடுத்தவர்கள் தவிடும் மேடர் என்ற செடியின் வேரும் மரச்சாம்பற் காரமும் போட்டுத் தொட்டி கட்டினார்கள். புளித்த சிறுநீரைப் பயன்படுத்திய ஊர்களும் உண்டு. அதிலுள்ள அம்மோனியா காரத்தைத் தந்தது.

இந்தத் தாழிகளில் எது ஒடுக்கி என்பது அன்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் எதைச் செய்யக்கூடாது என்பது தெரிந்திருந்தது. தாழியை வேகமாகக் கலக்கக்கூடாது. துணியை ஓசைப்படாமல் இறக்கி, நீருக்குள்ளேயே பிசைந்து, துளி சிதறாமல் எடுக்க வேண்டும். காற்று உள்ளே போனால், துணியில் ஏற வேண்டிய வெண்ணீலத்தின் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தொட்டியிலேயே வாங்கிவிடும்; நீலம் அடியில் தூளாகப் படிந்து வீணாகும். காரணத்தை இன்று எழுதிக் காட்டலாம். கையின் அந்த நிதானத்தில் அக்காரணம் ஏற்கெனவே முழுதாக இருந்தது.

சோழமண்டலக் கரையின் நீலத்துணிகள் கடல் கடந்து போனவை. வடக்கே பயானாவும் குஜராத்தின் சர்கேஜும் நீலக்கட்டிக்குப் பேர்போன ஊர்கள் என்றால், தெற்கே தோய்த்த துணிக்கு மதிப்பு இருந்தது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வணிகர்கள் ஏற்றிய கினே என்ற நீலத்துணி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குச் சென்றது. அங்கே கருவேல இன மரத்துப் பிசினை வாங்க அத்துணியே பணம்போலக் கைமாறியது. ஐரோப்பாவில் செய்த போலிகளை அங்குள்ளவர்கள் எளிதில் ஏற்கவில்லை. புதுச்சேரித் துணியின் நிறமும் மணமும் அவர்களுக்குப் பழகியிருந்தன. அந்தப் பிசின் பிரான்சின் துணி அச்சுப் பட்டறைகளுக்குப் போயிற்று. நாகப்பட்டினத்தின் அவுரித்திடல் அந்தச் செடியின் பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பட்டறைகள் நொதித்தலை விட்டு உப்புகளுக்கு மாறத் தொடங்கின. நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே முதல் கவர்ச்சி. அன்னபேதியும் சுண்ணாம்பும் போட்ட தொட்டி அவற்றில் மிகப் பரவியது. அரிதாரமும் காரமும் சேர்த்த கலவையைத் தூரிகையால் நேரே துணியில் தீட்டும் முறையும் அதே நூற்றாண்டில் வந்தது. அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த நஞ்சு. அந்த நஞ்சே காற்றுக்கு நடுவிலும் நீலத்தைச் சிறிது நேரம் ஒடுக்கிய நிலையில் வைத்திருந்தது. தூரிகைக்காரர் விரைந்து தீட்டி முடிக்க அந்தச் சிறிது நேரம் போதும்.

அன்னபேதித் தொட்டியைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. எது எதைச் செய்கிறது என்று பிரித்தறிய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தொட்டியில் மூன்று பொருள்கள்: நீலம், அன்னபேதி, சுண்ணாம்பு. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். சுண்ணாம்பு அதோடு சேர்ந்ததும் இரும்பு, ஹைட்ராக்சைடாக வெளிப்படுகிறது. சல்பேட் கால்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிகிறது. எலக்ட்ரானைக் கொடுத்த அணுவின் ஆக்சிஜனேற்ற எண் ஏறும், வாங்கியதன் எண் இறங்கும். கால்சியத்தின் எண் தொடக்கத்திலும் முடிவிலும் 2. கந்தகத்துக்கு இரண்டிடத்திலும் 6. ஆகவே சுண்ணாம்பும் சல்பேட்டும் கொடுக்கல் வாங்கலில் இல்லை. சுண்ணாம்பு காரத்தைத் தந்து வெண்ணீலத்தைக் கரைத்து வைப்பதோடு சரி. இரும்பு மட்டும் 2இலிருந்து 3க்கு ஏறுகிறது. பசுமைவெள்ளையாக இருந்த வண்டல் துருநிறமாகிறது. நீலத்தின் பக்கம், ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பிலுள்ள இரண்டு கார்பன்கள் 2இலிருந்து 1க்கு இறங்குகின்றன. எண் ஏறியது இரும்பு, அதுவே ஒடுக்கி. எண் இறங்கியது நீலம், அதுவே ஏற்றி. ஏறிய கணக்கும் இறங்கிய கணக்கும் சமமாக வேண்டும் என்பதால் ஒரு நீல மூலக்கூறுக்கு இரண்டு இரும்பு வேண்டும். எடையில் சொன்னால் 262 கிராம் நீலத்துக்குக் குறைந்தது 556 கிராம் அன்னபேதி. இத்தனை இரும்பும் ஜிப்சமும் அடியில் சேறாகச் சேர்ந்து, நீலத்திலும் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டது. பட்டறைக்காரர்களின் தீராத குறை அது.

இந்தக் கணக்கைப் போட 18ஆம் நூற்றாண்டில் ஆளில்லை. உலோகம் எரிந்து பற்பமாகும்போது அதிலிருந்து புளோஜிஸ்டன் என்ற ஒரு பொருள் வெளியேறுகிறது என்று அக்காலத்து வேதியியல் நம்பியது. பற்பத்தைக் கரியோடு உலையிலிட்டு மறுபடி உலோகமாக்குவதை ஐரோப்பிய மொழிகளில் ‘பழைய நிலைக்குத் திருப்புதல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லால் குறித்தனர். இன்று ஒடுக்கம் என்று தமிழில் வழங்கும் சொல்லின் மேலைநாட்டு மூலம் அந்த உலைக்களத்துச் சொல். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் புளோஜிஸ்டனை விலக்கிவிட்டு, எரிதல் என்பது ஆக்சிஜனோடு சேர்தல் என்று நிறுவினார். 1789இல் வந்த அவருடைய பாடநூல் அதை முறைப்படுத்தியது. அதுமுதல் ஆக்சிஜனைத் தருவது ஏற்றி, ஆக்சிஜனைப் பறிப்பது ஒடுக்கி என்று ஆயிற்று.

அந்தக் கருத்தைச் சாயத்தொட்டிக்குக் கொண்டுபோனவர் லவாய்சியரின் உடனுழைப்பாளர் பெர்த்தொல்லே. 1784 முதல் பிரான்சின் அரசுச் சாயப் பட்டறைகளை மேற்பார்த்த அவர், 1791இல் சாயக்கலையைப் பற்றி எழுதிய நூலில் நீலத்தொட்டிக்கு ஆக்சிஜன் விளக்கம் தந்தார்: தொட்டியிலுள்ள பொருள்கள் நீலத்தின் ஆக்சிஜனைப் பறிக்கின்றன, காற்று அதைத் திருப்பித் தருகிறது. துணியின் நுண்துளைகள் விரிந்து சுருங்குவதால் சாயம் பிடிக்கிறது என்ற பழைய விளக்கத்தை விட இது எவ்வளவோ மேல். காற்றின் பங்கை அது சரியாகப் பிடித்திருந்தது. நீலத்துக்கு என்ன ஆயிற்று என்பதைத் தவறாகச் சொன்னது.

குளோரினால் துணியை வெளுக்கும் முறையைப் பரப்பியவரும் பெர்த்தொல்லேதான். வெளுப்புநீரின் வீரியம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மிகுந்தால் துணி இற்றுப்போகும், குறைந்தால் வெளுக்காது. ரூவான் நகரப் பகுதியில் வெளுப்புத் தொழிலில் இருந்த பிரான்சுவா தெக்ருவாசில் இதற்கு நீலத்தையே அளவையாக்கினார். கந்தக அமிலத்தில் நீலத்தைக் கரைத்தால் நிறம் மாறாமலே கரையும். அந்தக் கரைசலில் எவ்வளவை ஒரு குறிப்பிட்ட அளவு வெளுப்புநீர் நிறமழிக்கிறது என்று குறியிட்ட குழாயில் பார்ப்பது அவர் முறை. 1795இல் வெளியான இந்த முறை, பருமனறி பகுப்பாய்வின் மிகத் தொடக்க முயற்சிகளில் ஒன்று. கே-லுசாக் 1824இல் அதைச் செம்மைப்படுத்தினார். இங்கே நீலத்தின் பாத்திரம் தலைகீழ். தொட்டியில் எலக்ட்ரானை வாங்கிய அதே நீலம், குளோரினுக்கு முன்னால் கொடுக்கும் இடத்தில் நிற்கிறது. கொடுத்தபின் அதன் மூலக்கூறே உடைகிறது, நிறம் திரும்புவதில்லை. ஏற்றி, ஒடுக்கி என்ற பெயர்களைப் புட்டிமேல் நிரந்தரமாக ஒட்டிவைக்க முடியாது என்பதற்கு நீலம் ஒன்றே போதிய சான்று. எதிரே எது நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பெயர் சொல்ல முடியும்.

19ஆம் நூற்றாண்டில் தனிமங்களை எடைபோட்டுப் பகுக்கும் முறைகள் தேர்ந்தபோது நீலத்தின் கணக்கும் வெளிவந்தது. நீலத்தில் கார்பன் 16, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. வெண்ணீலத்தில் கார்பன் 16, ஹைட்ரஜன் 12, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. ஆக்சிஜன் எண்ணிக்கை மாறவே இல்லை. தொட்டியில் நீலம் ஆக்சிஜனை இழக்கவில்லை. இரண்டு ஹைட்ரஜனை ஏற்றது. ஆகவே ஒடுக்கி என்பதற்கு ‘ஹைட்ரஜனைத் தருவது’ என்ற இன்னொரு பொருளும் சேர்ந்தது. ஏற்றியின் பெயரில் ஆக்சிஜன் இருப்பதால் வினையிலும் ஆக்சிஜன் கைமாற வேண்டும் என்று எண்ணும் மாணவருக்கு, ஆக்சிஜன் இம்மியும் அசையாத நீலத்தொட்டியைவிட நல்ல மருந்து இல்லை.

அதே நூற்றாண்டில் நீலத்திலிருந்து வேதியியலுக்கு ஒரு பெயரும் கிடைத்தது. 1840 வாக்கில் கார்ல் பிரிட்சே நீலத்தைக் காரத்தோடு காய்ச்சி வடித்து எடுத்த எண்ணெய்க்கு, நீலத்தைக் குறிக்கும் அனில் என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அனிலின் என்று பெயர் வைத்தார். போர்த்துகீசியம் அதை அரபியிலிருந்து எடுத்தது. அரபிக்கு அது இந்தியாவின் ‘நீல’ என்ற சொல்லிலிருந்து போனது.

பட்டறைகள் கொள்கைக்குக் காத்திருக்கவில்லை. அன்னபேதிச் சேற்றுக்கு மாற்றாக 19ஆம் நூற்றாண்டின் நடுவில் துத்தநாகத் தூளும் சுண்ணாம்பும் வந்தன. துத்தநாகம் 0இலிருந்து 2க்கு ஏறி, ஒவ்வோர் அணுவும் இரண்டு எலக்ட்ரானைத் தருவதால் ஒரு நீல மூலக்கூறுக்கு ஓர் அணு போதும். 262 கிராம் நீலத்துக்கு 65 கிராம். சேறு பெரிதும் குறைந்தது. ஆனால் துத்தநாகம் காரநீரிலிருந்து ஹைட்ரஜன் வளியையும் கிளப்பும் என்பதால் தொட்டி நுரைத்துக் கலங்கியது. 1870களின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் ஷூட்சென்பெர்ஜே, லாலாந்து என்பவருடன் சேர்ந்து ஹைட்ரோசல்பைட்டைத் தொட்டிக்குக் கொண்டுவந்தார். இன்றைய பெயர் சோடியம் டைதயோனைட். இதில் கந்தகத்தின் எண் 3. நீலத்தை ஒடுக்கி முடித்ததும் 4, அதாவது சல்பைட். மூலக்கூறுக்கு இரண்டு கந்தகம், ஆக இரண்டு எலக்ட்ரான். 262 கிராம் நீலத்துக்கு 174 கிராம் என்பது தாள்கணக்கு. காற்றும் தன் பங்கைத் தின்றுவிடுவதால் பட்டறையில் கூடுதலாகவே போட வேண்டும். விளைபொருளும் நீரில் கரைவது என்பதால் தொட்டி தெளிந்த மஞ்சளாகவே நிற்கும். உலர்ந்த, கெடாத தூளாக அது ஆலைகளிலிருந்து வரத் தொடங்கிய 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குப் பிறகு மற்ற தொட்டிகள் மெல்ல ஒதுங்கின.

அதற்குள் அவுரிக்கே ஆபத்து வந்திருந்தது. அடால்ஃப் பான் பேயர் 1880இல் ஆய்வகத்தில் நீலத்தைச் செய்தார். 1883இல் அதன் அமைப்பை வகுத்தார். ஆயினும் மலிவான வழி அமைய நாளாயிற்று. நாஃப்தலினை ஆக்சிஜனேற்றி தாலிக் நீரிலியாக்குவது அவ்வழியின் முதற்படி. அது மந்தமாக நடந்து செலவை ஏற்றியது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். ஆலையில் 1890களில் ஒரு வெப்பமானி உடைந்து பாதரசம் கலவையில் விழ, வினை விரைந்து நடந்தது என்று சொல்லப்படுகிறது. அந்த வினையில் ஏற்றியாக இருந்தது புகையும் கந்தக அமிலம். அது நாஃப்தலினின் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு கந்தக டை ஆக்சைடாக வெளியேறியது. கந்தகத்தின் எண் 6இலிருந்து 4க்கு இறங்கியது. பாதரசம் வினையூக்கி. முன்பு நீலத்தைக் கரைக்கும் அமிலமாகக் கண்ட ஒன்றுக்கு இப்படியும் ஒரு வேலை இருந்தது. 1897இல் ஆலை நீலம் சந்தைக்கு வந்தது.

வங்காளத்தில் 1859–60இல் உழவர்களைக் கிளர்ந்தெழச் செய்த நீலத்தோட்டக் கொடுமைகள் உலகறிந்தவை. பீகாரின் சம்பாரணில் இருபது கட்டாவுக்கு மூன்று கட்டா நிலத்தில் அவுரி போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதற்குப் பிறகும் நீடித்தது. ஆலை நீலம் விலையைச் சரித்தபோது தோட்ட முதலாளிகள் தங்கள் இழப்பைக் குத்தகை உயர்வாக உழவர் தலைமேல் ஏற்றினர். 1917இல் காந்தி அங்கே போனதன் பின்னணி இது. ஜெர்மன் ஆலையின் உலையில் நடந்த ஓர் ஆக்சிஜனேற்றத்துக்குச் சம்பாரண் உழவர் விலை கொடுத்தார்.

ஆலை நீலம் விற்பனைக்கு வந்த அதே 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்ற இரண்டு விளக்கங்களையும் ஒன்றாகக் கட்ட எலக்ட்ரானால் முடிந்தது. ஆனாலும் எண்ணிக்கை வேறு, விருப்பம் வேறு. எந்தப் பொருள் எந்தப் பொருளை ஒடுக்கும் என்பதை எண் சொல்லாது, மின்னழுத்தமே சொல்லும். நெர்ன்ஸ்டு 1889இல் அதற்குச் சமன்பாடு தந்திருந்தார். அமெரிக்காவில் மான்ஸ்ஃபீல்டு கிளார்க்கும் துணைவர்களும் 1923இல் வெளியிடத் தொடங்கிய ஆய்வு வரிசையில் நீரில் கரையும் நீல வழிப்பொருள்களின் மின்னழுத்தங்களை அளந்தனர். வெண்ணீலத்தைவிட வலிய ஒடுக்கி மட்டுமே நீலத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்க முடியும். நீலத்தைவிட வலிய ஏற்றியான ஆக்சிஜன் வெண்ணீலத்திடமிருந்து தயங்காமல் வாங்கும். 1938இல் லாட்டிமர் ஆக்சிஜனேற்ற நிலைகளையும் அவற்றின் மின்னழுத்தங்களையும் ஒரே நூலில் தொகுத்தார். இன்று பள்ளியில் பழக்கும் முறை அக்காலத்தில் உருப்பெற்றது: ஒவ்வோர் அணுவுக்கும் எண் இடுதல், மாறியதைக் கண்டுபிடித்தல், எண் ஏறிய அணுவைக் கொண்ட பொருளை ஒடுக்கி என்றும் இறங்கியதைக் கொண்ட பொருளை ஏற்றி என்றும் குறித்தல்.

தமிழில் இவற்றுக்கு இரண்டு சொல்மரபுகள் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆக்சிஜனேற்றி, ஆக்சிஜனொடுக்கி என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ஒட்சியேற்றும் கருவி, தாழ்த்தும் கருவி என்கின்றன. ‘தாழ்த்தல்’ என்ற சொல் எண் இறங்குவதைக் காதுக்கே உணர்த்துகிறது. அந்த வகையில் அது கூர்மையானது. ‘ஒடுக்கம்’ என்பதில் ஆக்சிஜன் அடக்கப்பட்ட பழைய கொள்கை தொனிக்கிறது.

நொதித் தாழியின் புதிர் கடைசியாகத்தான் அவிழ்ந்தது. உவோடு தொட்டியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 1999இல் கிளாஸ்டிரிடியம் ஐசாடிடிஸ் என்று பெயரிட்டனர். காற்றில்லாத, காரம் மிகுந்த, வெதுவெதுப்பான நீரில் வாழும் உயிர் அது. சர்க்கரையைத் தின்று, மிஞ்சும் எலக்ட்ரான்களை நீலத்தின்மேல் இறக்கிவிடுகிறது. மேடர் வேரில் உள்ள ஆந்த்ராக்வினோன்கள் என்ற இனப் பொருள்கள் அந்த இறக்கத்தை விரைவுபடுத்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. தகரை விதையிலும் ஆந்த்ராக்வினோன்கள் உண்டு. தவிட்டோடு மேடரைச் சேர்த்த ஐரோப்பியரும் சுண்ணாம்போடு தகரையைச் சேர்த்த தமிழ்ச் சாயக்காரரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இனப் பொருளைத் தேர்ந்திருக்கிறார்கள்.

டைதயோனைட் விட்டுச்செல்லும் சல்பைட்டும் சல்பேட்டும் கழிவுநீரில் சேர்வதால், ஜீன்ஸ் துணி ஆலைகளுக்காக மின்முனையிலிருந்தே எலக்ட்ரானைக் கொடுத்து நீலத்தை ஒடுக்கும் முறைகளும் உருவாகியுள்ளன. சிறு பட்டறைகளில் வெல்லமும் பழச்சர்க்கரையும் சுண்ணாம்போடு தொட்டிக்குத் திரும்பியிருக்கின்றன. தமிழ்நாட்டில் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி நீலம் எடுப்பது இன்றும் நடக்கிறது. இலையை உலர்த்திப் பொடியாக்கித் தலைமுடிச் சாயத்துக்காகவும் ஏற்றுமதி செய்கிறார்கள். அந்தப் பொடிக்குத் தொட்டியும் ஒடுக்கியும் வேண்டியதில்லை. உலர்ந்த இலையில் இண்டிகான் அப்படியே இருக்கிறது. நீரில் குழைத்ததும் இண்டாக்சில் விடுபட்டு முடிக்குள் நுழைகிறது. அலசியபின் சற்றுப் பச்சையாகத் தெரியும் முடி, காற்றின் ஆக்சிஜன் வேலையை முடிக்க முடிக்க, ஏறத்தாழ ஒரு நாளில் கருநீலமாகிறது.